கணினியில் பலம் பார்ப்பது எப்படி?



தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கின்ற நம் குடும்பங்களில் இன்று பொறியியல் படிக்கின்ற பிள்ளைகள் பலர் இருக்கின்றார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகின்ற பிள்ளை மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு முழுதும் ஏதோ செய்வதைப் பெற்றோர்கள் பார்த்திருப்பீர்கள். திரையிலே ஓர் இரும்புத் துண்டு. அதன்மேல் மீன் வலையைப் போர்த்தியதுபோல் கோடுகள். சற்று நேரம் கழித்து அந்தத் துண்டு நீலமும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மாறி நிற்கும். "விளையாட்டா, படிப்பா?" என்று நீங்கள் கேட்டிருக்கவும் கூடும். படிப்புத்தான். அது என்ன படிப்பு, அதில் எதைக் கவனித்தால் விடை சரியாக வரும் என்பதே இன்றைய பேச்சு. பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். இடையிடையே சில கணக்குகள் சொல்வேன்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவன். என் மகள் பொறியியல் படிக்கப் போன பிறகு, அவள் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானும் இதைக் கற்றுக்கொண்டேன். ஆகவே கல்லூரிப் பேராசிரியர் சொல்வதுபோல் அல்லாமல், நமக்கு விளங்குகின்ற முறையிலேயே சொல்கிறேன்.

கால்வாயின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு நடக்கின்றோம். பலகை தாங்குமா? முன்னெல்லாம் ஓர் ஆள் முதலில் ஏறிப் பார்ப்பார். பலகைக்கு அது போதும். செம்பனை ஆலையின் கொதிகலனுக்கும், ஆற்றுப் பாலத்துக்கும், விமானத்தின் இறக்கைக்கும் அப்படிச் செய்ய முடியுமா? கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால், வளைவும் துளையும் மடிப்பும் உள்ள ஒரு பொருளுக்கு ஒரே சூத்திரத்தில் விடை கிடைக்காது. அதனால் பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கற்பனையில் வெட்டுகின்றார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு எளிது. துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்ற இடங்களிலே கணக்குகளை முடிச்சுப் போட்டு இணைத்து, எல்லாவற்றையும் கணினி ஒரே சமயத்தில் தீர்க்கின்றது. துண்டுக்கு ‘எலிமெண்ட்’ என்றும், முடிச்சுக்கு ‘நோட்’ என்றும், வெட்டிய முழு வலைக்கு ‘மெஷ்’ என்றும் பெயர். நாம் கண்ணி என்றே சொல்லிக்கொள்வோம். முறைக்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர். இந்தப் பெயரை 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் வைத்தார்.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. ஆற்றோரமாக வளைந்து கிடக்கின்ற நிலத்தை அளக்க வந்த நில அளவையாளர் என்ன செய்வார்? நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு கூட்டுவார். வளைந்த கரையோரத்தில் பெரிய முக்கோணம் போட்டால் நிலத்தில் கொஞ்சம் விட்டுப்போகும். சின்ன முக்கோணமாகப் போட்டால் விட்டுப்போவது குறையும். கண்ணியின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் இருக்கின்றது.

இப்போது பென்சிலை எடுங்கள். காம்பஸ் கொண்டு 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்று போடுங்கள். அதன் உண்மையான சுற்றளவு 62.83 சென்டிமீட்டர். இது நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள்ளே ஆறு பக்கம் உள்ள உருவம் வரைந்து, பக்கங்களைக் கூட்டினால் 60 வரும். பன்னிரண்டு பக்கமாக்கினால் 62.12. இருபத்து நான்கு பக்கமாக்கினால் 62.65. நாற்பத்தெட்டு பக்கத்துக்கு 62.79. உண்மையான விடை தெரியாமலே ஒன்றைக் கவனிக்கலாம். முதல் தடவை விடை 2.12 ஏறியது, அடுத்த தடவை 0.53 ஏறியது, அதற்கடுத்து 0.14-தான் ஏறியது. ஏற்றம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. அப்படியானால் விடை ஏதோ ஓர் எண்ணை நெருங்கி நிற்கின்றது என்று தைரியமாகச் சொல்லலாம். இனி எத்தனை பக்கம் போட்டாலும் 63-ஐத் தாண்டாது என்றும் சொல்லலாம்.

கணினியில் பலம் பார்க்கின்ற பிள்ளைகள் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுதான். ஒரே கண்ணியில் கணக்குப் போட்டு, வந்த விடையை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பெரிய கண்ணியில் ஒரு தடவை, பாதி அளவில் ஒரு தடவை, அதிலும் பாதியில் ஒரு தடவை என்று மூன்று முறை போட வேண்டும். மூன்று விடைகளையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். அவை நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி விலகிப் போனால் எங்கோ கோளாறு இருக்கின்றது. நேரமில்லை, நாளைக்கே ஒப்படைக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நேரமில்லாதவர்கள் முதல் கணக்கைப் பெரிய கண்ணியில், சில நிமிடங்களில் முடிகின்ற அளவில் தொடங்கட்டும். எடுத்தவுடனே மிகச் சிறிய கண்ணி போட்டுக் கணினியைத் திணற வைப்பதுதான் நேரத்தைத் தின்னும். கட்டியான பொருளில் கண்ணியின் அளவைப் பாதியாக்கினால் துண்டுகள் இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகின்றன. பத்தாயிரம் துண்டு எண்பதாயிரமாகும். அடுத்த பாதியில் ஆறு இலட்சத்து நாற்பதாயிரமாகும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நார்வே நாட்டிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வட கடலில் எரிவாயு எடுப்பதற்காக ஸ்லைப்னர் ஏ என்னும் மேடையைக் கட்டினார்கள். கடலின் ஆழம் அங்கே 82 மீட்டர். மேடையின் அடிப்பாகம் காங்கிரீட்டால் ஆனது. இருபத்து நான்கு உருளைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தது போன்ற அமைப்பு. மூன்று மைலோ டின்களை நெருக்கி வைத்துப் பாருங்கள், நடுவிலே முக்கோணமாக ஒரு சந்து விழும். அதுபோன்ற சந்துகள் இந்த அடிப்பாகத்திலும் இருந்தன. அவற்றுக்குள் கடல்நீர் புகுந்து நிற்கும். நீர் உள்ளிருந்து சுவர்களை அழுத்தும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். அந்தச் சுவரில் எவ்வளவு விசை விழும் என்பதைக் கணினியில்தான் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தச் சந்தின் ஓரத்தில் போட்ட கண்ணி முரடாக இருந்தது. துண்டுகளின் உருவமும் சரியில்லை. விளைவு, சுவரை வெட்டுகின்ற விசையைக் கணினி 47 விழுக்காடு குறைவாகக் காட்டிவிட்டது. குறைவாகக் காட்டிய கணக்கை நம்பிச் சுவரை அமைத்தார்கள். உள்ளே வைத்த கம்பியும் போதிய நீளத்துக்குப் பிடித்து நிற்கவில்லை.

1991 ஆகஸ்ட் 23-ஆம் நாள், ஸ்டாவாங்கர் நகரத்துக்கு அருகே மலைகளுக்கு நடுவிலுள்ள ஆழமான கடல் வாய்க்காலில், அடிப்பாகத்தை மெல்ல மெல்ல நீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 65 மீட்டர் ஆழம் இறங்கியபோது ஒரு சுவர் வெடித்தது. இறைப்பான்களால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் தண்ணீர் புகுந்தது. விரைவிலேயே முழுவதும் மூழ்கி, 220 மீட்டர் ஆழத்தில் இடிபாடாகிப்போனது. விழுந்த அதிர்ச்சி ரிக்டர் அளவில் 3 என்று நிலநடுக்கக் கருவிகளிலே பதிவாயிற்று. அதிலிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள் என்பது ஒன்றே ஆறுதல். இழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். பின்பு நல்ல கண்ணி போட்டு மறுபடியும் கணக்கிட்டபோது, அந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்ததோ 65-இல். சரியான கண்ணியாக இருந்திருந்தால் கணினி முன்பே சொல்லியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மாணவமணிகளே, இதிலே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். அன்றைக்குக் கணினி எந்த எச்சரிக்கையும் கொடுத்து நின்றுவிடவில்லை. எண்களைக் கொடுத்தது. அழகான எண்களாகத்தான் கொடுத்திருக்கும். மென்பொருள் கேட்டதற்கு விடை சொல்லும். கேட்டது சரியா என்று பார்ப்பது அதன் வேலையன்று.

இனி, கண்ணியை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் போட வேண்டியதில்லை. துளையின் ஓரம், உள்வளைவு, கனம் திடீரென்று மாறுகின்ற இடம், பாரம் விழுகின்ற இடம் ஆகியவற்றில் நெருக்கமாகப் போட வேண்டும். தொலைவில் ஒன்றும் நடக்காத இடத்தில் பெரிதாக விட்டுவிடலாம். ஆனால் நெருக்கத்திலிருந்து விரிவுக்குத் திடீரென்று தாவக் கூடாது. படிப்படியாக விரிய வேண்டும்.

துண்டின் உருவம் முக்கியம். முக்கோணமென்றால் மூன்று பக்கமும் கூடியவரை ஒத்திருக்கட்டும். ஊசிபோல் நீண்டு ஒடுங்கிய முக்கோணத்தை நில அளவையாளரும் விரும்பமாட்டார். கோணம் இம்மி தவறினால் பரப்பு வெகுவாக மாறிவிடும். கணினிக்கும் அப்படித்தான். நல்ல மென்பொருள்களில் துண்டுகளின் தரத்தைக் காட்டுகின்ற பகுதி ஒன்று உண்டு. பிள்ளைகள் அதைத் திறப்பதே இல்லை. சராசரித் தரத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், மிக மோசமான துண்டு எங்கே இருக்கின்றது என்று தேடிப் பார்க்க வேண்டும். மூலையில், ஒன்றும் நடக்காத இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம். நாம் விடை தேடுகின்ற இடத்திலேயே இருந்தால் கண்ணியைத் திருத்த வேண்டும்.

நான்கு முகம் கொண்ட கட்டித்துண்டுகளைத் தானாகவே நிரப்பித் தருகின்ற வசதி பல மென்பொருள்களில் இருக்கின்றது. அவற்றிலே இரண்டு வகை உண்டு. மூலைகளில் மட்டும் முடிச்சுள்ளது ஒன்று. மூலைகளோடு விளிம்புகளின் நடுவிலும் முடிச்சுள்ளது மற்றொன்று. முதல் வகை, வளைய மறுக்கின்ற பிடிவாதக்காரன். பலகையைப் போன்ற மெல்லிய பொருளின் கனத்தில் ஒரே அடுக்காக அதைப் போட்டால், பலகை இருப்பதைவிட மிக விறைப்பானது என்று காட்டிவிடும். வளைகின்ற பொருளுக்கு எப்போதும் இரண்டாம் வகையையே எடுக்க வேண்டும். மெல்லிய தகட்டுப் பெட்டி, குழாய்ச் சட்டம் போன்றவற்றுக்குக் கட்டித்துண்டே வேண்டாம். தகட்டுக்கென்றும் சட்டத்துக்கென்றும் தனித் துண்டுகள் இருக்கின்றன. வேலையும் குறையும், விடையும் நன்றாக வரும்.

கண்ணி போடுவதற்கு முன், படத்திலிருந்து தேவையற்ற அலங்காரங்களை நீக்கிவிட வேண்டும். பொறித்த எழுத்து, சிறு திருகாணித் துளை, கூர்மை மழுக்கிய வெளி விளிம்பு ஆகியவை எல்லாம் கண்ணியைச் சிக்கலாக்கும். பல நேரங்களில் மென்பொருள் கண்ணி போட முடியாமல் நின்றுவிடுவதற்கு இவைதாம் காரணம். ஆனால் உட்புற மூலையில் இருக்கின்ற வளைவை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். ஏனென்றால், முற்றிலும் கூரான உள்மூலையில் கண்ணியைச் சிறிதாக்க ஆக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். வட்டக் கணக்கில் ஏற்றம் சுருங்கியதல்லவா, இங்கே அது சுருங்காது. இதைப் பார்த்து மாணவர்கள் மிரண்டு, இரவெல்லாம் விழித்துக் கண்ணியைப் பொடியாக்குவார்கள். பயனில்லை. கூரான மூலையின் கணிதம் அப்படி. உண்மைப் பொருளில் உள்ள வளைவை வரைந்துவிட்டு, அந்த வளைவின் நீளத்தில் பல துண்டுகள் விழும்படி கண்ணி போட்டால் விடை ஓரிடத்தில் நிற்கும். பாரத்தை ஒரே ஒரு முடிச்சின்மேல் வைத்தாலும் இதே கோளாறு வரும். மனிதன் பலகைமேல் நிற்கின்றான் என்றால் பாதம் படுகின்ற அளவுக்குப் பரப்பி வைக்க வேண்டும்.

கண்ணியைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் கண்ணியைவிடப் பெரிய விபத்து வேறோரிடத்தில் காத்திருக்கின்றது. அது பிடிமானமும் பாரமும்.

பொருளை எங்கே, எப்படிப் பிடித்திருக்கின்றோம்? கால்வாய்ப் பலகையையே எடுத்துக்கொள்வோம். நீளம் 2 மீட்டர், அகலம் 200 மில்லிமீட்டர், கனம் 40 மில்லிமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஆள் நடுவில் நிற்கின்றார். விசையாகச் சொன்னால் ஏறக்குறைய 700 நியூட்டன். நல்ல மரம்; அதன் விறைப்பெண் சதுர மில்லிமீட்டருக்கு 12,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் இரு முனையும் கரைமேல் சும்மா கிடக்கின்றன. அப்படியானால் நடுவில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தொய்யும் என்பது பள்ளிப் பொறியியல் சூத்திரத்தின் விடை. அதே பலகையின் இரு முனைகளையும் சிமெண்டுச் சுவருக்குள் புதைத்துவிட்டால்? தொய்வு நாலில் ஒரு பங்காகக் குறைந்து, 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான் வரும். மென்பொருளில் ‘ஃபிக்ஸ்’ என்ற ஒரு பொத்தானை அழுத்தினால் சுவருக்குள் புதைத்தது போலாகிவிடும். கரைமேல் கிடக்கின்ற பலகைக்கு அந்தப் பொத்தானை அழுத்தியவர், நாலு மடங்கு தவறான விடையை அழகான வண்ணத்தில் பெறுவார். கண்ணியை எத்தனை முறை சிறிதாக்கினாலும் இந்தத் தவறு தீராது.

பாரத்திலே மறந்துபோவது எது தெரியுமா? பொருளின் சொந்த எடை. பெரும்பாலான மென்பொருள்களில் அடர்த்தியையும் புவியீர்ப்பையும் நாமே கொடுத்தால்தான் சொந்த எடை கணக்கில் சேரும். கொடுக்காவிட்டால் கணினிக்கு எல்லாப் பொருளும் எடையில்லாதவை. சின்னப் பலகைக்கு இது பெரிதாகத் தோன்றாது. கட்டடத்துக்கு?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கின்ற இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் நடந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் என்னும் விடுதியின் பெயராலேயே அந்த விபத்தைச் சொல்வார்கள். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலையில் கட்டடம் முழுவதும் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டார்கள். 17 பேரை இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்டார்கள். நம்மவர்கள் கடைவீதிக்கு வந்து போகின்ற சாலை அது. அந்த நாள்களில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். விசாரணையிலே வெளிவந்தது என்ன? கட்டடத்தை வடிவமைத்தபோது உள்ளே வந்து போகின்ற மனிதர்கள், சாமான்கள் ஆகிய பாரத்தைக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. 1971-இல் கட்டிய அந்தக் கட்டடம் பதினைந்து ஆண்டுகள் தன் எடையையே தாங்க முடியாமல் தாங்கி நின்றிருக்கின்றது. அது கணினிக் கண்ணியால் வந்த தவறன்று. தாளிலே விட்டுப்போன ஒரு வரி. இன்றைக்குத் திரையிலே அழுத்தாமல் விடுகின்ற ஒரு பொத்தான் அதற்குச் சமம்.

ஆகவே கணக்கு முடிந்தவுடன் வண்ணப் படத்தைப் பார்க்காதீர்கள். முதலில் பிடிமானங்களில் விழுந்த எதிர்விசைகளைக் கூட்டிப் பாருங்கள். நம் பலகையின் எடை ஏறக்குறைய 11 கிலோ, அதாவது 110 நியூட்டன். ஆளின் 700-ஐச் சேர்த்தால் 810. இரு கரைகளிலும் விழுகின்ற எதிர்விசை சேர்ந்து 810 வர வேண்டும். 700 வந்தால் சொந்த எடை விட்டுப்போயிற்று. 180 வந்தால் 700-க்குப் பதில் 70 என்று கிலோவை எழுதிவிட்டீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். என்னைக் கேட்டால், கல்லூரிகளிலே இதைச் செய்யாத தாளுக்கு மதிப்பெண்ணே கொடுக்கக் கூடாது என்பேன்!

அளவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கின்ற கால்குலிக்ஸ் போன்ற மென்பொருளுக்கு மில்லிமீட்டரும் தெரியாது, மீட்டரும் தெரியாது. எண் மட்டுமே தெரியும். மில்லிமீட்டரில் வரைந்து நியூட்டனில் பாரம் கொடுத்தால், அடர்த்தியைக் கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்றுதான் கொடுக்க வேண்டும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று புத்தகத்தில் இருக்கும். அதை அப்படியே எழுதக் கூடாது, 0.00000000785 என்று எழுத வேண்டும். புள்ளிக்குப் பிறகு எட்டுச் சுழியம். புவியீர்ப்பு 9.81 அன்று, 9,810. விடையாக வருகின்ற தகைவு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். பிள்ளைகள் இந்த நான்கு வரியையும் ஓர் அட்டையில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்துக்கொண்டால் நல்லது.

இத்தனைக்கும் பிறகு வண்ணப் படத்துக்கு வரலாம். ஒரு நாள் என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நடுவுல ஒரே செவப்பா இருக்கே, ஒடஞ்சிருமா?" என்று மகளைக் கேட்டார். நியாயமான கேள்வி. சிவப்பு என்றால் ஆபத்து என்றுதானே நாம் பழகியிருக்கின்றோம்! ஆனால் அந்தப் படத்தில் சிவப்பு என்பது அந்தப் பொருளிலே மிகுதியான இடம் எது என்பதை மட்டுமே காட்டும். ஓர் எறும்பு ஏறினாலும் ஓரிடம் சிவக்கத்தான் செய்யும். பக்கத்தில் இருக்கின்ற எண்ணைப் படிக்க வேண்டும். சாதாரண எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் அளவில் நிலையாக நீளத் தொடங்கும். சிவப்பு இடத்தில் 40 என்றிருந்தால் கவலையில்லை. நீல இடத்திலேயே 300 என்றிருந்தால் படம் குளிர்ச்சியாக இருந்து என்ன பயன்? அதுபோலவே, வளைந்த உருவத்தையும் மென்பொருள் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். எத்தனை மடங்கு என்று ஓரத்தில் எழுதியிருக்கும்.

செலவு என்ன ஆகும் என்பது பெற்றோர்களின் கவலை. தொழில் நிறுவனங்கள் பயன்படுத்துகின்ற பெரிய மென்பொருள்களுக்கு விலை அதிகம் என்பது உண்மைதான். அதற்காகக் கள்ளப் பதிப்பைத் தேட வேண்டாம். வீட்டுக் கணினிக்குள் கிருமி புகுவதற்கு அதுவே வழி. ஆன்சிஸ் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே, துண்டுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய பதிப்பை இலவசமாகக் கொடுக்கின்றன. வரைவதற்கு ஃப்ரீகேட், கண்ணி போடுவதற்கு ஜிமெஷ், கணக்குத் தீர்ப்பதற்கு கால்குலிக்ஸ் ஆகிய மூன்றும் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள்கள். கால்குலிக்ஸை எழுதியவர்கள், ஜெர்மனியில் விமான இயந்திரம் செய்கின்ற ஆலையொன்றின் பொறியாளர்கள் இருவர். ஆகவே இலவசம் என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியே போதும். பலகை, தாங்கி, சட்டம் போன்ற சிறு கணக்குகளைப் பழகுவதற்குப் புதிது வாங்கித் தரவேண்டிய கட்டாயம் இல்லை.

மென்பொருளைவிட அவசியமானது ஒரு குறிப்புப் புத்தகம். எந்தக் கண்ணி, எத்தனை துண்டு, எங்கே பிடித்தது, எவ்வளவு பாரம், என்ன விடை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுத வேண்டும். கோப்பின் பெயரில் எண் போட்டு, பழையதன்மேல் புதியதை எழுதாமல் காக்க வேண்டும். நம் தோட்டத்துக் கிராணி ஒவ்வொரு நாளும் பால் நிறுத்தவுடன் செக்ரோலில் எழுதாமல், மாதக் கடைசியில் ஞாபகத்தைக் கொண்டு எழுதியிருந்தால் சம்பள நாளில் என்ன நடந்திருக்கும்?

பழகத் தொடங்குகின்ற மாணவர்களுக்கு இரண்டு பயிற்சிகள் சொல்லி முடிக்கிறேன். இரண்டுக்கும் விடை முன்பே தெரியும். அதனால்தான் அவற்றைத் தேர்ந்தேன். முதலாவது, இப்போது சொன்ன பலகை. சொந்த எடையைச் சேர்க்காமல், முனைகளைச் சும்மா கிடக்கவிட்டு, நடுவில் 700 நியூட்டன் வையுங்கள். தொய்வு 9.1 மில்லிமீட்டருக்கு நெருக்கமாக வர வேண்டும். மூலைமுடிச்சு மட்டுமுள்ள துண்டை ஒரே அடுக்காக வைத்து ஒரு தடவை போட்டு, அது எவ்வளவு குறைத்துக் காட்டுகின்றது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஓர் அகலமான தகட்டின் நடுவில் சின்ன வட்டத் துளை. தகட்டை இரு பக்கமும் இழுக்க வேண்டும். துளையின் ஓரத்தில் தகைவு, தொலைவில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு வர வேண்டும். கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1898-இல், கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில், தாளிலே கண்ட விடை இது. தகட்டின் அகலம் துளையின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் தகட்டில் காற்பங்கை மட்டும் வரைந்தால் போதும். வேலை நாலில் ஒன்றாகும். பெரிய கண்ணியில் தொடங்குங்கள்; 2 சொச்சம் வரக்கூடும். துளையின் ஓரத்தில் மட்டும் நெருக்கிக்கொண்டே போங்கள். விடை 3-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை குறிப்புப் புத்தகத்தில் வரிகள் ஏறிக்கொண்டே இருக்கட்டும்.